உஷார்! கடல் கல்லை அவிக்காதீர்கள்

கடலில் பொறுக்கி வந்த கல்லை அண்டாவில் போட்டு அடுப்பில் ஏற்றியிருக்கிறீர்களா? முதலில் அடுப்பை அணையுங்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பி, கதவு யன்னல்களைத் திறந்துவிட்டு நீங்களும் வெளியே வாருங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

இரண்டு பக்கமும் கடல் இருக்கிற மன்னார்த் தீவில், கடல்நீர் மீன்தொட்டி வைக்க ஆசைப்படுகிறவருக்குக் கல்லுக்குக் காசு கொடுக்க மனம் வராது. கொழும்புக் கடையில் கிலோக் கணக்கில் விற்கிற சாமான், தீவிலுள்ள தாராபுரத்து ஆளின் கண்ணுக்குக் கரையில் சும்மா கிடக்கிற முருகைக்கல். எடுத்து வந்து அவித்து, தூரிகையால் தேய்த்து, டிரில் மிஷினால் துளை போட்டு அடுக்கினால் தொட்டி தயார் என்று வீடியோவில் யாரோ காட்டியிருப்பார். அந்த மூன்று வேலையுமே ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடியவை.

காரணம் கல்லில்லை, கல்லில் ஒட்டியிருப்பது. ஆழமில்லாத வெப்பக்கடல் கற்களில் பொத்தான்களைக் கொட்டி ஒட்டியது போலக் கூட்டமாக வளரும் ஓர் உயிர் உண்டு. மண்நிறம், வெளிர்மஞ்சள், சிலவேளை பச்சை. தொட்டால் வாயைச் சுருக்கிக்கொண்டு வழவழவென்று சளி விடும். பாலித்தோவா என்பது இதில் ஓர் இனம். 1971இல் ஹவாயில் இந்த இனத்திலிருந்துதான் பாலிடொக்சினைப் பிரித்தெடுத்தார்கள். கடலில் கிடைக்கும் நஞ்சுகளில் மிகக் கொடியவற்றில் ஒன்று அது. நம் உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பு ஒன்று இருக்கிறது. பாலிடொக்சின் அதில் ஒட்டி, பம்பைத் திறந்த ஓட்டையாக்கிவிடும். தசையும் இதயமும் அந்தப் பம்பை நம்பித்தான் இயங்குகின்றன. மாற்றுமருந்து கிடையாது.

அவித்தால் எந்த நஞ்சும் செத்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். இது சாகாது. கொதிக்கிற தண்ணீரின் ஆவியோடும் துமியோடும் எழும்பி மூச்சுக்குள் போகும். தேய்த்தால் துளியாகக் கண்ணில் தெறிக்கும். துளைத்தால் தூசியோடு பறக்கும். 2018 மார்ச்சில் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்ஷயரில், ஸ்டீவென்டன் என்ற ஊரில், மீன்தொட்டியைச் சுத்தம் செய்யப்போய் ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போனது. உதவிக்கு ஓடிவந்தவர்களையும் பின்னால் அனுப்ப வேண்டியதாயிற்று. 2014 ஓகஸ்டில் அலாஸ்காவின் ஆங்கரேஜில் ஒருவர் தன் வீட்டுத் தொட்டியில் இந்த உயிரைப் புதிதாக வைத்தார், அவ்வளவுதான். ஏழெட்டு மணித்தியாலம் கழித்து வாயில் கசப்பான உலோகச் சுவை, காய்ச்சல், இருமல், தசைநோவு, சோர்வு.

அந்த ஏழெட்டு மணித்தியாலம்தான் எனக்குப் பயம். காலையில் கல் தேய்த்தவர் இரவில் நடுங்கும்போது இரண்டையும் முடிச்சுப்போட மாட்டார். டெங்கு என்பார், சளிக்காய்ச்சல் என்பார், பனடோல் இரண்டைப் போட்டுக்கொண்டு படுப்பார். அப்படிப் படுக்காதீர்கள். மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால், கைகால் விறைத்தால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வைத்தியரிடம் முதல் வசனமாகவே "கடல் தொட்டிக் கல்லைக் கையாண்டேன், பாலிடொக்சினாக இருக்கலாம்" என்று சொல்லுங்கள். அவராக ஊகிக்க மாட்டார், நம் ஊரில் யாருக்கும் இது அன்றாட நோயில்லை.

தொட்டியில் ஏற்கெனவே பொத்தான் கூட்டம் இருந்தால் கல்லை வெளியே எடுக்காதீர்கள். வெட்டவும் சுரண்டவும் வேண்டாம். தொட்டிக்குள் கையை விடத்தான் வேண்டுமென்றால் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். பிறகு பட்ட இடத்தையும் சாமான்களையும் வீட்டு ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து அரை மணித்தியாலம் நனைத்து வையுங்கள். ப்ளீச் இந்த நஞ்சை முறிக்கும். ஆனால் அதே வாளியில் டைல் கழுவுகிற அசிட்டையோ வினாகிரியையோ ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். கல்லை ஒரே நாளில் வெளுக்க அசிட்டும் ப்ளீச்சும் கையோடு கையாக வைத்திருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

உடம்பு தப்பினாலும் சட்டம் இருக்கிறது. கரையோரம் பேணல் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம் முருகையைத் தோண்டுவது, சேகரிப்பது, வைத்திருப்பது, களஞ்சியப்படுத்துவது, எரிப்பது, ஏற்றிச்செல்வது எல்லாவற்றையும் தடைசெய்கிறது. "செத்த கல்தானே, ஐயா" என்ற வாதத்தை நம்பிப் போகாதீர்கள். சுண்ணாம்புச் சூளைகளை நிறுத்த வந்த திருத்தம் அது, சூளைக்குப் போனதில் உயிருள்ளதும் செத்ததும் கலந்தே இருந்தன. எதிர்க்கரையிலோ 2001 முதல் பவளங்கள் இந்திய வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் ஒரே வரிசையில். அங்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று தண்ணீருக்கடியில். சுற்றியிருந்த கல்லைப் பல வருடம் வெட்டியெடுத்ததே அதற்குப் பெரிய காரணம்.

அப்படியானால் தொட்டிக்கு என்ன கல்? கடல் காணாத கல். தொட்டிக்கென்று செய்த உலர்கல் வாங்குங்கள், அல்லது சீமெந்தில் நீங்களே வார்த்துக்கொள்ளுங்கள். சீமெந்துக் கல்லைத் தண்ணீர் மாற்றி மாற்றி வாரக்கணக்கில் ஊறவைக்காமல் தொட்டியில் இறக்கினால் காரம் ஏறி மீன் சாகும். கடற்கல்லில் உள்ள, தொட்டிக்கு வேண்டிய பக்டீரியா இதில் இராது, தொட்டி பழக ஒரு மாதமாவது போகும். பொறுமையாக இருக்கத்தான் வேண்டும்.

இப்படி வாங்கிய அல்லது வார்த்த கல்லை மடியில் வைத்துத் துளைக்கிறவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும். மணல் நிரப்பிய சாக்கில் கல்லை அமர்த்துங்கள். கொங்கிரீட் பிட் போதும், மெதுவாக ஓட்டுங்கள், ஹமர் முறையை நிறுத்திவையுங்கள். அந்த அடியில்தான் கல் பிளக்கும். ஒரு பக்கத்தால் முழுக்கத் துளைக்காமல் பாதியில் திருப்பி மறுபக்கத்தால் வாருங்கள், விளிம்பு பெயராது. தூசி பறக்காமல் கல்லை நனைக்க வேண்டும், ஆனால் 230 வோல்ட் வயர் மிஷினும் ஈரமும் சேரவே கூடாது, பற்றரி மிஷினை இரவல் வாங்குங்கள். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். தொட்டிக்குள்ளே வைத்துத் துளைக்கவே வேண்டாம், தொட்டிக் கண்ணாடியில் விரிசல் விழும்.

துளையில் கோர்க்க அக்ரிலிக் கம்பி அல்லது பைபர் கம்பி. இரும்பு துருப்பிடிக்கும். செம்பு இறாலையும் நத்தையையும் கொல்லும். அடிக்கல்லைத் தொட்டித் தரையிலேயே வைத்துப் பிறகு மணலைப் போடுங்கள். மணல்மேல் வைத்த கல்லின் கீழே மீன் குழி பறித்தால் முழு அடுக்கும் கண்ணாடியில் சாயும்.

விரலில் சிறு கீறல் விழுந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஆறும்வரை தொட்டிக்குள் கைவிடாதீர்கள். சில வாரம் கழித்து அந்த விரலில் நோகாத கட்டியொன்று கிளம்பி, சாதாரண மருந்துக்கு ஆறாமல் நின்றால், அது மீன்தொட்டிகளில் இருக்கும் மைக்கோபக்டீரியம் மரினம் என்ற கிருமியாக இருக்கலாம். கட்டியைக் காட்டும்போதே, வீட்டில் மீன்தொட்டி இருக்கிறது என்பதையும் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.