பனியாறு கடக்கும் குதிரை

மழையிலும் காற்றிலும் குதிரையேறிச் செல்வதை வீரமென்று மதிப்போர் சிலர். வீண் துன்பமென்று ஒதுக்குவோர் பலர். ஐஸ்லாந்துத் தீவிலோ அஃது இரண்டுமன்று. மக்கள் அங்கே குடியேறிய ஒன்பதாம் நூற்றாண்டு தொட்டு, ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்வதற்கு வேறு வழியே இருக்கவில்லை. இலங்கையைப் போல ஒன்றரை மடங்கு பரப்புள்ள அந்நாட்டில் பொதுமக்கள் பயணத்துக்கான புகைவண்டிப் பாதை இன்றுவரை போடப்படவில்லை; மோட்டார் வீதிகளும் இருபதாம் நூற்றாண்டில் வந்தவையே. மருத்துவரும் மதகுருவும் தபாற்காரரும் குதிரை முதுகிலேயே சென்றனர். வானம் வெளுக்கட்டும் என்று காத்திருந்தால் கடிதம் போய்ச் சேராது.

அக்குதிரை உருவிற் சிறியது. தோளுயரம் ஒன்றரை மீற்றருக்கும் குறைவு. குளிர்காலத்தில் அதன் உடலில் இருவகை மயிர் வளரும். உள்ளே மென்மையான அடர்மயிர் உடற்சூட்டைக் காக்கும். வெளியே நீண்ட முரட்டுமயிர் மழைநீரை வழிந்தோடச் செய்யும். மேலே நனைந்து சொட்டும் குதிரையின் தோலைத் தொட்டுப் பார்த்தால் ஈரமில்லாதிருப்பதுண்டு. புயல் வீசும்போது அது காற்றுக்குப் புறங்காட்டித் தலை தாழ்த்தி நிற்கும். அனுபவமுள்ள மனிதர் அதனை வலிந்து திருப்பாமல், அதன் மறைவிலேயே தாமும் ஒதுங்கி நிற்பர். மழைநாளிற் சேணத்தின் கீழும் வயிற்றுவாரின் கீழும் மணல் புகுந்துவிட்டால், ஈரத்தோல் உராய்ந்து புண்ணாகிவிடும். ஆதலின் தங்குமிடந்தோறும் அவ்விடங்களைத் தடவிப் பார்ப்பது சவாரிக்காரரின் முதற் கடமையாகும்.

ஆயினும் மழையினும் கொடியவை ஆறுகளே. தென்கரையில் வத்னயோகுத் என்னும் பெரும் பனிமலையிலிருந்து இறங்கும் ஆறுகள் கரிய மணல்வெளியிற் பல கிளைகளாய்ப் பிரிந்து ஓடுகின்றன. நீர் சாம்பல்நிறம், ஒரு சாண் ஆழமும் கண்ணுக்குப் புலப்படாது. வெயிலேறிய கோடை நாளிற் பனி உருகி மாலைக்குள் வெள்ளம் பெருகிவிடும். மழையும் சேர்ந்தாற் சொல்லவேண்டியதில்லை. நேற்றுக் கடந்த துறை இன்று புதைமணலாய் இருக்கும். பனிக்கட்டிகள் மிதந்து வரும். அடியிற் கற்கள் உருளும் ஓசை கரையிலே கேட்கும்.

இத்தகைய ஆற்றைக் கடப்பதற்கென்றே பழகிய குதிரைகள் இருந்தன. அவற்றை ஆற்றுக்குதிரைகள் என்று தனியே பெயரிட்டு அழைத்தனர். ஒடுங்கிய இடத்தில் நீர் ஆழமாகவும் வேகமாகவும் இருக்குமாதலின், ஆறு அகன்று பல கிளையாய்ப் பரந்த இடத்தையே வழிகாட்டி தேடுவார். நீரிற் கண்ணை ஊன்றினால் தலை சுற்றும். எனவே எதிர்க்கரையையே நோக்குதல் வேண்டும். கடிவாளத்தைத் தளர்த்திவிடல் வேண்டும். குதிரை நீந்தத் தொடங்கினாற் பிடரிமயிரைப் பற்றிக்கொள்ளலாம்; வாரை இழுத்தால் அதன் தலை நிமிர்ந்து சமநிலை கெடும். அச்சம் மிகுந்த வேளையிற் கை தானாகவே வாரை இறுக்கும். அதனை அடக்குவதே கற்பதற்கு மிக அரிய பாடமெனலாம்.

வத்னயோகுத்தின் அடியில் ஓரைவி என்னும் சிறு பகுதி இருக்கின்றது. இருபுறமும் மணல்வெளியும் ஆறுகளும் சூழ்ந்தமையால் அங்குள்ள உழவர் நெடுங்காலம் உலகினின்று பிரிந்தே வாழ்ந்தனர். அதனாலேயே ஆறு கடப்பதில் நாடறிந்த வழிகாட்டிகளும் ஆயினர். வெள்ளம் எவ்வாற்றானும் கடக்கவொண்ணாதபோது, ஆறு புறப்படும் இடத்திற்கு மேலே ஏறிப் பனியின்மீதே குதிரைகளை நடத்திச் சென்றனர். அதுவும் பாதுகாப்பான வழியன்று. 1927ஆம் ஆண்டில் ஓரைவிக்குக் கிழக்கேயுள்ள பனியாற்றின்மீது தபாலுடன் ஒரு குழுவினர் செல்லுகையிற் பனி பிளந்து, ஒருவரும் சில குதிரைகளும் வீழ்ந்து மாண்டனர். ஒரு பை கடிதத்துக்கு அத்துணை விலை!

கிழக்கேயுள்ள பெரிய ஆற்றுக்கு 1967இற் பாலம் வந்தது. அதன்பின் ஓரைவி மக்கள் தலைநகராகிய ரேக்யவிக்குக்கு வண்டியிற் செல்ல முடிந்தது. ஆனால் மேற்கேயுள்ள தலைநகரை அடையக் கிழக்கே புறப்பட்டுத் தீவையே சுற்ற வேண்டியிருந்தது. மேற்குப் புறத்து ஸ்கெய்தரா ஆற்றின்மேல் ஏறத்தாழ 900 மீற்றர் நீளமான பாலம் அமைந்து, நாட்டைச் சுற்றும் வீதி 1974இலேயே நிறைவெய்திற்று. 1996 நவம்பரிற் பனியின்கீழ் எழுந்த எரிமலையாற் பெருவெள்ளம் பாய்ந்து அப்பாலத்தின் ஒரு பகுதியை அடித்துச் சென்றது. அதனைத் திருத்தினர். பின்னர், 2009இல், ஆறே வழி மாறி மேற்கிலுள்ள வேறோர் ஆற்றிற் கலந்துவிட்டது. 2017இல் அருகே எஞ்சியோடும் சிற்றாற்றுக்குச் சிறு பாலமொன்று கட்டப்பட்டது.

தபாற் குதிரைகள் இன்று இல்லை. எனினும் கோடையில் ஒருவருக்கு இரண்டு மூன்று குதிரைகளாக ஓட்டிக்கொண்டு, மாற்றி மாற்றி ஏறி, உள்நாட்டு ஆறுகளைக் கடந்து செல்லும் நெடும் பயணங்கள் நின்றுவிடவில்லை. அந்நாட்டிற்கு வேற்றுக் குதிரை எதனையும் கொண்டுவரச் சட்டம் இடந்தராது. வெளிநாடு சென்ற ஐஸ்லாந்துக் குதிரையும் மீண்டும் உள்ளே வர இயலாது. ஆதலால் அவ்வாறுகளில் இன்று இறங்குவன அந்தப் பழைய குதிரைகளின் வழித்தோன்றல்களேயாம்.