நாலு சக்கரம் - 14: காத்து எம்புட்டு வைக்க?

"அண்ணே, எம்புட்டு வைக்க?"

"பாத்து வைப்பா."

மதுரையில் பைபாஸ் ரோட்டிலிருந்து மாட்டுத்தாவணி வரை எந்தப் பங்க்கில் நின்றாலும் இது காதில் விழும். சித்திரை பிறந்துவிட்டால் காருக்குள் இருப்பவர் இன்னொன்றும் சேர்த்துக்கொள்வார்: "வெயிலு காலம்ல, ரெண்டு கம்மியாவே வையி."

இந்த வாரம் அந்த 'ரெண்டு கம்மி'யைப் பற்றித்தான். டயர் விஷயத்தில் நம்மூரில் புழங்கும் நம்பிக்கைகளில் ஆளைக் கவிழ்க்கக்கூடியது அது.

சூட்டில் காற்று விரியும், அழுத்தம் கூடும், டயர் வெடிக்கும், அதனால் முன்கூட்டியே குறைத்துவிடுவோம் என்பது கணக்கு. அழுத்தம் கூடுவது உண்மைதான். பத்து டிகிரி செல்சியஸ் ஏறினால் கார் டயரில் ஒன்றரை முதல் இரண்டு பி.எஸ்.ஐ. வரை கூடும். மார்கழி விடியலுக்கும் அக்கினி நட்சத்திரப் பகலுக்கும் இருபது டிகிரி வித்தியாசம் என்று வைத்தாலும் மூன்று, மூன்றரைதான். ஓடும்போது ஏறும் சூட்டில் இன்னும் நாலைந்து கூடலாம். 33 வையுங்கள் என்று சொல்லும் கார் நிறுவனம் இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்கிறது. நல்ல நிலையில் உள்ள டயர் அதற்கெல்லாம் வெடிக்காது.

டயரைக் கொல்வது வேறு சூடு. காற்று குறைந்த டயர் தரையில் அமுங்கும். ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் வளைந்து நிமிரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கிப் பாருங்கள்: மடங்கும் இடம் முதலில் சுடும், பிறகு ஒடியும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் சாதாரணக் காரின் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் தொள்ளாயிரம் முறை சுற்றுகிறது. அத்தனை முறையும் அந்த மடிப்பு விழுகிறது. கப்பலூர் தாண்டி விருதுநகர் பக்கம் நான்கு வழிச்சாலையில் மத்தியானம் போனால் தாரின் கொதிப்பும் சேர்ந்துகொள்ளும். ரப்பரும் உள்ளிருக்கும் அடுக்குகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்கும். வெயிலுக்குப் பயந்து குறைத்த காற்று, டயரை வெயிலைவிடச் சூடாக்கிவிடும்.

அமெரிக்காவில் இது பெரிய வழக்கே ஆனது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் ஃபயர்ஸ்டோன் டயரின் மேல்பட்டை ஓட்டத்திலேயே உரிந்து கார்கள் கவிழ்ந்தன. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக ஃபயர்ஸ்டோன் அறிவித்தது. ஃபோர்டு அந்தக் காருக்குச் சொல்லியிருந்த அழுத்தம் 26. டயர் நிறுவனமோ 30 வைத்திருக்க வேண்டும் என்றது. தயாரிப்புக் குறையா, காற்றுக் குறையா என்று இரண்டு நிறுவனங்களும் ஒன்றன்மேல் ஒன்று பழிபோட்டன. குறை இரண்டு பக்கமும் இருந்தது என்பதே என் எண்ணம். நாம் கவனிக்க வேண்டியது வேறு: விபத்துகள் குவிந்தது டெக்சாஸ், அரிசோனா, ஃபுளோரிடா போன்ற வெயில் மாநிலங்களில். காற்று குறைந்தால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறதே, அது அங்கே சட்டக் கட்டாயமானது இதன் பிறகுதான்.

டயர் அருமை மதுரைக்குத் தெரியாததல்ல. 1911-இல் இங்கே தொழில் தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்காரின் பஸ்கள் ஓடிய காலத்தில், மாட்டு லாடத்திலிருந்து விழுந்த ஆணிகளைப் பொறுக்க, காந்தம் கட்டிய வண்டியைச் சாலையில் முன்னால் விடுவார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். மேலூர் போகிற வழியில் வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா ஆலை டயரே செய்கிறது. இந்த ஊரில் இருந்துகொண்டு 'பாத்து வைப்பா' என்பது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

சரியான எண் எங்கே இருக்கிறது? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம். டயரின் பக்கவாட்டில் 44, 51 என்று பொறித்திருப்பது அந்த டயருக்கான உச்ச வரம்பு; அதைப் பார்த்து அடைத்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், மழையில் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடலாம். ஸ்டிக்கரில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும்: குறைந்த ஆட்களுக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்கு அரிசி மூட்டை, பாத்திரம், பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று கிளம்பும் அன்றைக்கு வேண்டியது இரண்டாவது எண். அன்றைக்குத்தான் யாரும் டயரைப் பார்ப்பதில்லை.

அந்த எண் குளிர்ந்த டயருக்கானது. குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டியில், காலையில் வெயில் படும் முன் அளக்க வேண்டும். தெருவில் ஒரு பக்கம் வெயிலும் ஒரு பக்கம் நிழலுமாக நிற்கும் காரில் நாலு டயரும் நாலு கதை சொல்லும். திண்டுக்கல்லிலிருந்து வந்த சூட்டோடு 38 காட்டுகிறதே என்று 33-க்கு இறக்கினால், மறுநாள் காலையில் 28-இல் நிற்பீர்கள். பங்க் தூரத்தில் இருக்கிறதா? சொந்தமாக ஒரு அளவுமானி வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் வீட்டில் 30 காட்டினால் குறைவு மூன்று. பங்க்கில் 34 காட்டினால் 37 வைக்கச் சொல்லுங்கள். ஓட்டை இல்லாத டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. தானாக இறங்கும், அதனால் மாதம் ஒருமுறை போதும், நெடும்பயணம் என்றால் முதல் நாளும்.

கொடைக்கானல் போகிறவர்கள் காற்றைக் குறைக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஏழாயிரம் அடி உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் மூன்று பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைவதால் மானி அத்தனை கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் மதுரையின் 38 டிகிரியிலிருந்து மேலே 18 டிகிரிக்குப் போகும்போது டயர் குளிர்ந்து ஏறக்குறைய அதே மூன்று இறங்கிவிடும். மலைக்குத் தனிக் கணக்கு வேண்டியதில்லை. வத்தலக்குண்டில் வண்டியை நிறுத்திக் காற்றைத் திறந்துவிடவும் வேண்டாம்.

நைட்ரஜன்? சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். கசிவு சற்று மெதுவாக இருக்கும். இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஸ்டெப்னி. நாலு டயருக்கும் காற்று பிடிப்பவர்கள் ஐந்தாவதை மறந்துவிடுகிறார்கள், டிக்கியில் சாமானை இறக்கச் சோம்பல். உங்கள் காரில் இருப்பது ஒல்லியான தற்காலிகச் சக்கரம் என்றால் அதற்குப் பொதுவாக 60 பி.எஸ்.ஐ. வேண்டும், பங்க் பையன் நம்ப மாட்டான், சக்கரத்தில் எழுதியிருப்பதைக் காட்டுங்கள். அதை மாட்டிக்கொண்டு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது.

(தொடரும்)

அடுத்த வாரம்: பிரேக் ஆயிலை எப்போது மாற்றுவது?