உவர் நிலத்துக்கு ஒரு நெல்

நெற்பயிருக்கு உப்பு ஆகாது. மண்ணின் உப்பை அளக்கும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கிவிடும். பழவேற்காடு ஏரிக்குத் தெற்கே, பொன்னேரி வட்டத்தில் காட்டூரும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் இந்தக் கணக்கோடு வாழ்கின்றன. சென்னையின் குடிநீருக்கும் ஆலைகளுக்கும் பாசனத்துக்கும் நிலத்தடி நீரை அளவுமீறி இறைத்ததால் மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் உள்ளே புகுந்தது 1960-களின் இறுதியிலேயே தெரியவந்தது. கிணறுகள் உவர்த்தன. காட்டூர், தத்தமஞ்சி ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கமாக்கும் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று, நிலத்துக்குள் நல்ல நீரை இறக்கி உப்பைப் பின்னுக்குத் தள்ளுவது.

மண்ணை மாற்றுவதற்குப் பதில் பயிரையே உப்புக்குப் பழக்க முடியுமா? 1988-இல் தொடங்கப்பட்ட சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு விடை தேடி அலையாத்திக் காட்டுக்குப் போனது. பிச்சாவரத்திலும் பழவேற்காட்டிலும் சேற்றில் வளரும் வெண்கண்டல் மரம் உப்புநீரிலேயே வேர்விட்டு வாழ்கிறது. உப்பு மிகும்போது செடியின் செல்களுக்குள் கேடு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகும். அவற்றை முறிக்கும் நொதி ஒன்றுக்கான மரபணுவை வெண்கண்டலிலிருந்து எடுத்து, பூசா பாஸ்மதி-1 நெல்லில் சேர்த்தார்கள். 2008-இல் வெளியான முடிவின்படி, மண்ணில்லாத நீர்வளர்ப்பில் கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இருந்தபோதும் மாற்றிய நாற்றுகள் எட்டு நாள் தாக்குப்பிடித்தன. மாற்றாத நாற்றுகள் வாடின. ஆய்வுக்கூடத்து எட்டு நாள் வேறு, கழனியில் ஒரு பருவம் முழுவதும் வேறு. மரபணு மாற்றிய எந்த நெல்லுக்கும் இந்தியாவில் சாகுபடி அனுமதி தரப்பட்டதில்லை.

ஆய்வுக்கூடத்திலிருந்து கழனிக்கு வரும் பாதையைச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-இல் வகுத்த விதிகள் வரையறுக்கின்றன. முதலில் நிறுவனத்துக்குள்ளேயே உள்ள உயிரிப் பாதுகாப்புக் குழு, அடுத்து உயிரித் தொழில்நுட்பத் துறையின் மறுஆய்வுக் குழு, முடிவில் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு. திறந்த வெளியில் பயிரிட்டுப் பார்க்க மாநில அரசின் தடையின்மைச் சான்றும் தேவை. சோதனை வயலைச் சுற்றி மற்ற நெல் வயல்களிலிருந்து இடைவெளி விட வேண்டும். அறுவடைக்குப் பின் மிஞ்சியதை அழிக்க வேண்டும். சிந்திய மணியிலிருந்து அடுத்த பருவத்தில் முளைப்பதையும் பிடுங்க வேண்டும்.

மகரந்தத்தைப் பொறுத்தவரை நெல் அடக்கமான பயிர். பெரும்பாலும் தன் பூவிலேயே கருவுறும். பக்கத்துச் செடியோடு கலப்பது பொதுவாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆனால் குறைவு என்பது இல்லை என்பதாகாது. வயல்களில் நெல்லோடு நெல்லாய் முளைத்து, அறுவடைக்கு முன்பே மணியை உதிர்த்துவிடும் களைநெல் உண்டு. அது பயிர்நெல்லின் இனமே என்பதால் கலப்புக்குத் தடையில்லை. கழிமுகங்களில் வளரும் காட்டுநெல் உறவினம் ஒன்றுக்குக் குரோமோசோம் 48, பயிர்நெல்லுக்கு 24. அதனால் அவ்விரண்டும் எளிதில் கலப்பதில்லை.

பழவேற்காடு போன்ற காயலோரத்துக்கே உரிய கேள்வி இங்குதான் எழுகிறது. மரபணு மாற்றிய பி.டி. பருத்தியில் சேர்த்த பண்பு புழுவை எதிர்க்கிறது. செடி எங்கே வாழலாம் என்பதை அது பெரிதாக மாற்றுவதில்லை. உப்பைத் தாங்கும் பண்போ செடி வாழக்கூடிய இடத்தையே விரிக்கிறது. களைநெல் அந்தப் பண்பைப் பெற்றால், இதுவரை உப்பு தடுத்துவந்த வரப்போர உவர்நிலத்திலும் ஏரிக்கரைச் சேற்றிலும் அது வேர்பிடிக்கக்கூடும். அந்தச் சேற்றுப் பரப்பில்தான் பூநாரைகள் இரை தேடுகின்றன. இறாலும் மீனும் குஞ்சுப் பருவத்தைக் கழிப்பது அதை அடுத்த ஆழமற்ற நீரில். இந்த அச்சம் மெய்யாகுமா என்பதை வேறொரு ஊரின் நன்செய் வயலில் சோதித்து அறிய முடியாது. இத்தகைய கரையிலேயே, வேலியிட்டு, பல பருவங்கள் பார்க்க வேண்டும்.

இடைவெளி மகரந்தத்தைப் பெருமளவு தடுக்கும். மனிதர் கையில் பயணிக்கும் விதையைத் தடுக்காது. 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைப்பதற்கு முந்தைய ஆண்டே, குஜராத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் அது வளர்ந்து நின்றது. நெல் விதையை உழவர்கள் சேமித்துக் கைமாற்றுவது பருத்தியைவிட எளிது.

2022 மார்ச்சில் விதிகளில் ஒரு கதவு திறந்தது. அயல் மரபணு சேர்க்காமல், பயிரின் சொந்த மரபணுவைத் திருத்தி உருவாக்கும் வகைகளுக்கு மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் தேவையில்லை என்றது மத்திய அரசு. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட ‘பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1’ அவ்வழியில் வந்தது. எம்.டி.யு. 1010 ரகத்தில் ஒரு மரபணுவைத் திருத்தி, வறட்சியும் உப்பும் தாங்கும்படி அது உருவாக்கப்பட்டது. மரபணு எங்கிருந்து வந்தது என்று விதி பார்க்கிறது. ஏரிக்கரைச் சேற்றுக்கு முக்கியம், செடியால் என்ன செய்ய முடியும் என்பதே. அந்த அளவில் இந்த விதிவிலக்கின் அடிப்படை போதாது.

உப்பைத் தாங்கும் நெல் தமிழகத்துக்குப் புதிதும் அல்ல. களர்பாலை, குழியடிச்சான் போன்ற மரபு ரகங்கள் உவர்நிலத்தில் நெடுங்காலமாக விளைகின்றன. திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரியிலிருந்து டி.ஆர்.ஒய். வரிசை ரகங்கள் வழக்கமான பயிர் மேம்பாட்டு முறையில் வந்தன. இவை வயலைத் தாண்டிச் சேற்றில் பரவினவா, களைநெல்லோடு கலந்தபின் என்ன ஆயிற்று என்று இப்போதே கரையோர வயல்களில் ஆராயலாம். அதற்கு எந்த மரபணு அனுமதியும் வேண்டாம். கிடைக்கும் தரவோ மரபணு மாற்றிய நெல், திருத்திய நெல் இரண்டையும் எடைபோட உதவும். எந்த ரகம் வந்தாலும் மீஞ்சூரின் நிலத்தடியில் புகுந்த உப்பு குறையப்போவதில்லை. அதற்கு இறைப்பைக் குறைத்து ஏரிகளை நிரப்ப வேண்டும்.