குஞ்சு காக்கும் தோமானைத் தேடும் தூண்டில்

ஆயர் தாவார் தோட்டத்துக் கால்வாய்களில் விராலும் கெளுத்தியும் பிடிப்பது குழம்புக்காக. மூங்கில் கழியும் மண்புழுவும் போதும். கையில் காசும் காரும் இருப்பவர்கள் இப்போது ஈப்போவைத் தாண்டி, கிரிக் வழியாகத் தெமெங்கோர் ஏரிக்குப் போகிறார்கள். அவர்கள் தேடுவது விராலின் பெரிய உறவான தோமானை.

பேராக் ஆற்றை மறித்து 1970களில் கட்டிய அணையால் உருவானது தெமெங்கோர். பரப்பு சுமார் 15,200 ஹெக்டேர். தீபகற்ப மலேசியாவில் கென்யிருக்கு அடுத்த பெரிய ஏரி. இத்தனை தண்ணீரில் சில தூண்டில்கள் என்ன செய்துவிடும்?

எத்தனை தூண்டில் என்பதைவிட, எந்த மீன் எப்போது மாட்டுகிறது என்பதே முக்கியம். தோமான் காற்றை விழுங்கி வாழும் மீன். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக மூச்சுவிட மேலே வரும்போது அந்த இடம் உலைநீர் போலக் குமிழியிடும். தாயும் தந்தையும் அடியில் காவல் இருக்கும். கைதேர்ந்தவர் போலி இரையைக் குமிழிக்கு நடுவே வீசுவார். பசியே இல்லாவிட்டாலும் பெரிய மீன் பாய்ந்து கவ்வும். அதன் கண்ணுக்குப் போலி இரை குஞ்சைத் தின்ன வந்த எதிரி. இதைத் திறமை என்று மெச்ச எனக்கு மனமில்லை. காவல் போனால் மற்ற மீன்களுக்குக் குஞ்சுகள் விருந்து. படம் எடுத்துவிட்டுத் திரும்ப விடுவதாகச் சொல்வார்கள். அந்தச் சில நிமிடம் குஞ்சுகளுக்குக் காவல் ஏது?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள ரிட்ஜ் ஏரியில், அடிக்கடி தூண்டிலில் சிக்கிய பாஸ் மீன்களையும் சிக்காதவற்றையும் தனித்தனியே இனப்பெருக்கம் செய்யவிட்டுப் பார்த்தார்கள். தூண்டிலில் சிக்கும் இயல்பு தலைமுறை தாண்டிக் கடத்தப்படுவது தெரிந்தது. 2009இல் முடிவுகள் வெளிவந்தன. அதே மீன் வம்சங்களை வைத்து 2012இல் வந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: எளிதில் சிக்கும் ஆண் மீன்களே கூட்டை மும்முரமாகக் காப்பவை. ஆக, தூண்டில் முதலில் எடுப்பது நல்ல அப்பன்களை.

மீன் எண்ணிக்கை சரிவது உடனே தெரியாது. மிஞ்சிய மீன்கள் பழகிய மரக்கட்டையடியிலும் ஓடை வாயிலும் கூடுவதால், ஆள் போகும்போதெல்லாம் ஏதாவது மாட்டும். பொழுதுபோக்காகப் பிடித்த மீன் எந்தத் துறைமுகத் தராசிலும் ஏறாது, கணக்கும் இல்லை. கனடாவின் ஏரிகளில் இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் சரிவைப் பற்றி அந்நாட்டு ஆய்வாளர்கள் 2002இலேயே எழுதினார்கள்.

பழி முழுக்கத் தூண்டிலுக்கில்லை. மின்சாரமும் நஞ்சும் வெடியும் வைத்துப் பிடிப்பதும் மீனை அழிக்கும்; அவற்றை மலேசியாவின் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடுக்கிறது. ஆனால் குஞ்சோடு நிற்கும் தோமானைத் தூண்டிலில் பிடிப்பது அந்தப் பட்டியலில் வராது. சபாவில் ‘தகால்’ முறையில் கிராமத்தாரே ஆற்றின் ஒரு பகுதியை மூடிவைத்து, குறித்த காலத்தில் மட்டும் திறக்கிறார்கள். தோமான் குஞ்சு காக்கும் நாட்களுக்கு அப்படியொரு கட்டுப்பாட்டைத் தெமெங்கோரின் படகுக்காரர்களே தொடங்கலாம்.

கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் கதை வேறு. அங்கே பெருகிக் கிடக்கும் பீகாக் பாஸ் தென்னமெரிக்காவிலிருந்து வந்த மீன். அதுவும் குஞ்சு காக்கும், அதுவும் ஆவேசமாகப் பாயும். அதை எத்தனை பிடித்தாலும் குட்டையின் சொந்த மீன்களுக்கு லாபம்தான்.