சுங்கான் சொல்லும் சாட்சி
பரணில் கிடக்கும் புதுச்சேரி – 9

புதுச்சேரியில் பழைய பொருள் எது கண்ணில் பட்டாலும் அதற்கு உடனே ஒரு பட்டம் கிடைத்துவிடும்: ‘பிரெஞ்சுக்காரன் காலத்துது.’ தாத்தாவின் பெட்டியிலிருந்து வெளியே வரும் மீர்ஷாம் சுங்கானுக்கும் (பைப் என்றால்தான் இன்று பலருக்குப் புரியும்) அதே பட்டம்தான். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகம் நடந்த ஊரில் அது இயல்பான ஊகம், ஆனாலும் ஊகம்தான். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்ற குடும்பங்களிலிருந்து எத்தனையோ பேர் இந்தோசீனாவுக்கு அதிகாரிகளாகவும் சிப்பாய்களாகவும் போனார்கள். பரம்பரையாக வந்த ஒரு சுங்கான் பாரிசில் வாங்கியதாக இருக்கலாம், சைகோனில் வாங்கியதாகவும் இருக்கலாம். வாங்கிய ஊர் வேறு, செய்த ஊர் வேறு. ஆகவே சுங்கானை ஒரே பொருளாகப் பார்க்காமல் உறுப்பு உறுப்பாகப் படிக்க வேண்டும் என்பதும், அப்படிப் படித்தால் நாம் அழுக்கு என்று துடைத்தெறிவதுதான் அதில் குடும்பத்துக்கே உரிய பகுதி என்பதும் என் வாதம்.

முதலில் கிண்ணம். மீர்ஷாம் என்பது செபியோலைட் என்ற கனிமம். மக்னீசியமும் சிலிக்காவும் நீரும் சேர்ந்தது. உலகுக்கு இது பெரும்பாலும் துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதிச் சுரங்கங்களிலிருந்துதான் போனது. உலர்ந்த கட்டி தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு லேசானது; ஈரமாக இருக்கும்போது கத்திக்கு எளிதில் இணங்கும். அதனால்தான் 19ஆம் நூற்றாண்டில் வியன்னாவின் செதுக்குக் கலைஞர்கள் தாடிக்காரர்களையும் குதிரைகளையும் கழுகு நகங்களையும் அதில் கொண்டுவந்தார்கள். செதுக்கும்போது விழுந்த துண்டுகளையும் தூளையும் அழுத்திக் கட்டியாக்கிச் செய்த மலிவு ரகமும் உண்டு. அது கனமாக இருக்கும், நிறமும் ஒழுங்காக ஏறாது. வெள்ளைக் களிமண் சுங்கானையும் பலர் மீர்ஷாம் என்று நம்பிவிடுகிறார்கள். சுட்ட களிமண் கைக்குச் சில்லென்று இருக்கும், தட்டினால் கணீரென்னும். பிரான்சின் புகழ்பெற்ற காம்பியே நிறுவனம் களிமண் சுங்கான்களைச் செய்தது பெல்ஜிய எல்லையோரத்து ஜிவே என்ற ஊரில். காம்பில் பொறித்ததோ பாரிஸ் என்று. பொறித்த பெயரே பிறந்த ஊரைச் சொல்லிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அடுத்தது வாயில் வைக்கும் குழல். உயர்ந்த ரகங்களுக்குப் பால்டிக் கடற்கரை அம்பரைப் பொருத்தினார்கள். அம்பர் எளிதில் உடையும், உடைந்தால் மாற்றுவார்கள்; பின்னாளில் பேக்லைட்டும் வந்தது. லியோ பேக்லாண்ட் அதைக் கண்டுபிடித்தது 1907இல். எனவே பேக்லைட் குழல் இருந்தால் அந்தக் குழல் 1907க்குப் பிந்தியது என்று சொல்லலாமே தவிர, கிண்ணமும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது. இணைப்பு வளையம் வெள்ளியானால் பூதக்கண்ணாடி பேசும். பிரான்சில் 1838 முதல் வெள்ளிக்கு மினர்வா தேவதையின் தலை முத்திரை. சிறு உருப்படிகளுக்குப் பாரிசில் காட்டுப்பன்றித் தலை, மற்ற இடங்களில் நண்டு. டயானாவின் தலை தெரிந்தால் பொருள் ஆஸ்திரியா–ஹங்கேரிப் பக்கம் போய்விடுகிறது. கடைசியாக, சுங்கானின் வடிவத்துக்கே அளவெடுத்துத் தைத்த தோல் பெட்டி. உள்பட்டில் கடையின் பெயரும் முகவரியும் அச்சிட்டிருக்கும். பாரிசின் சொம்மேர் கடை இருந்தது ‘பசாஜ் தே பிரேன்ஸ்’ என்ற வணிக வளாகத்தில். அந்த வளாகம் திறந்ததே 1860இல்தான். அந்த முகவரி உள்ள பெட்டி அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. பெட்டியைப் பூச்சி அரித்தது என்று தூக்கிப் போடுபவர், ஆதாரத்தில் பாதியைத் தூக்கிப் போடுகிறார்.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் கல் துருக்கியுடையது, செதுக்கு வியன்னாவுடையது, குழல் பால்டிக்குடையது, பெட்டி பாரிசுடையது என்றுகூட ஆகலாம். அப்படியானால் குடும்பத்தின் பங்கு என்ன? நிறம்தான். நுண்துளை நிறைந்த கல் புகையிலையின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சுகிறது. மேலே பூசிய தேன்மெழுகும் சூடும் சேர, வெள்ளை மஞ்சளாகி, தேன் நிறமாகி, கருஞ்சிவப்புப் பழுப்பை நோக்கிப் போகிறது. பிடித்துப் பிடித்து ஏறிய நிறம் பெரும்பாலும் கிண்ணத்தின் அடியிலும் காம்பிலும் அடர்ந்து, விளிம்பில் வெளிறி நிற்கும். எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும் பழுப்பு, சாயமேற்றிய வேலையோ என்று சந்தேகிக்க இடம் தரும். ஆக, நிறம் அழகு மட்டுமன்று, அடையாளம் காணும் சாட்சியும்கூட. அதை ஏற்றியவர் பட்டறைக்காரர் அல்லர், மாலைதோறும் நாற்காலியில் சாய்ந்து புகைத்தவர்.

இதற்கு மறுப்புகள் உண்டு. சந்தையில் விலை செதுக்குக்கும் முழுமைக்கும்தானே என்பார்கள். உண்மைதான், ஆனால் சுரண்டி வெளுத்த மேற்பரப்பையும் அந்தச் சந்தை குறையாகவே எண்ணுகிறது. அது நிக்கோட்டின் கறை, அதைப் போற்றுவது புகைப் பழக்கத்தைப் போற்றுவது ஆகாதா என்பது இரண்டாவது கேள்வி. வாளைப் பாதுகாப்பவர் போரைப் பாராட்டுவதில்லை. அந்தச் சுங்கானில் யாரும் மறுபடி புகைக்கத் தேவையுமில்லை. வீட்டில் வழிவழியாகச் சொல்லும் கதை போதாதா என்பது மூன்றாவது. யார் கையில் இருந்தது என்பதைக் கதை சொல்லும். எங்கே, எப்போது செய்தது என்பதைப் பொருள்தான் சொல்லும். கதையை ஒரு தாளில் எழுதிப் பெட்டியோடு வைத்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும்.

இந்த வயதுக் கணக்கு வெறும் பொழுதுபோக்கன்று. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருள் தொல்பொருளாகிவிடும். தனியார் அதை வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. உறவினர் பாதிப்பேர் பிரான்சில் இருக்கும் ஊரில், தாத்தாவின் சுங்கானைப் பெட்டியில் வைக்குமுன் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டிலேயே வைத்திருப்பவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பித்தளைக்குப் புளி, வெள்ளிக்கு விபூதி என்ற நம் வீட்டு வழக்கம் இங்கே ஆகாது: புளியின் அமிலம் கல்லைத் தின்னும், விபூதி நகத்துக்கே கீறல் விழும் மென்கல்லைத் தேய்த்துவிடும். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று சோதிக்கவும் வேண்டாம். மெல்லிய உலர்ந்த துணி போதும். கடற்காற்றின் ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் பை ஒன்று போதும். வெள்ளையாக்கித்தான் தீருவேன் என்பவர்கள் ஒன்றை யோசிக்கட்டும்: வெள்ளை மீர்ஷாம் இன்றும் கடையில் கிடைக்கும், அந்த நிறம் கிடைக்காது.

அடுத்த வாரம்: முத்துச்சிப்பி பதித்த வியட்நாம் பெட்டிகள்