லூகர் கைத்துப்பாக்கி சேகரிப்பு

லூகர் கைத்துப்பாக்கி சேகரிப்பு என்பது, 1900 முதல் இரண்டாம் உலகப்போர்க் காலம் வரை பெரும்பாலும் ஜெர்மனியில் தயாரிக்கப்பட்ட லூகர் வகைத் துப்பாக்கிகளைத் தேடிப் பெற்று, அவற்றில் பொறிக்கப்பட்ட குறிகளைப் படித்து, உருமாறாமல் பாதுகாக்கும் பொழுதுபோக்கு ஆகும். பழைய பாதித் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளில் மிகுதியாக ஆராயப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு மட்டும் வெளியேறி, அடுத்த தோட்டா தானாகவே குழலுக்குள் வந்து நிற்கும் அமைப்பே பாதித் தானியங்கி எனப்படுகிறது.

தோற்றம்

ஹ்யூகோ போர்கார்ட் என்பவர் 1893இல் வடிவமைத்த சி93 என்ற கைத்துப்பாக்கியே லூகரின் முன்னோடி. அது நன்றாக இயங்கியது; ஆனால் பருமனாகவும் கையில் பிடிக்க வசதியற்றதாகவும் இருந்தது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கியோர்க் லூகர் (1849–1923) அதைச் சுருக்கி, கைப்பிடியைச் சாய்வாக அமைத்துத் திருத்தினார். பெர்லினில் இருந்த டி.டபிள்யு.எம். நிறுவனம் அதைத் தயாரித்தது.

1900இல் சுவிட்சர்லாந்து இராணுவம் இதை ஏற்றது. 1904இல் ஜெர்மன் கடற்படையும் 1908இல் ஜெர்மன் தரைப்படையும் ஏற்றன. தரைப்படை வகைக்குப் பி08 என்று பெயர். இத்துப்பாக்கிக்காக 1902இல் உருவான 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டா இன்றும் உலகெங்கும் பரவலாகப் பயன்படுகிறது.

இயங்கும் முறை

லூகரின் இயக்கத்தை முழங்காலுடன் ஒப்பிடலாம். காலை நேராக நீட்டியிருக்கும்போது பாதத்தில் அழுத்தினால் கால் மடங்காது. முழங்கால் சற்றே மேலெழுந்துவிட்டால் அதே அழுத்தத்தில் எளிதில் மடங்கிவிடும். லூகரின் பின்பகுதியில் இத்தகைய ஒரு மூட்டு உள்ளது.

சுட்டவுடன் குழலும் மூட்டும் பூட்டிய நிலையிலேயே சிறிது தூரம் பின்னோக்கி நகரும். அதற்குள் குண்டு குழலை விட்டு வெளியேற, உள்ளே அழுத்தம் குறைந்துவிடும். பின்னர் மூட்டின் இருபுறமும் உள்ள குமிழ்கள் சட்டகத்தின் சரிவில் மோத, மூட்டு மேல்நோக்கி மடங்கி வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளும். கைப்பிடிக்குள் இருக்கும் சுருள்வில் மூட்டை மீண்டும் நேராக்கும்போது அடுத்த தோட்டா உள்ளே ஏறும். கைப்பிடிக்குள் செருகும் பெட்டியில் 8 தோட்டாக்கள் கொள்ளும்.

குறிகள் கூறும் வரலாறு

ஒரு லூகரின் மீது ஆண்டு, தயாரிப்பாளர் அடையாளம், ஆய்வாளர் முத்திரைகள், வரிசை எண் ஆகியவை காணப்படும். இவை அந்தக் காலத்தின் ஆவணங்கள் எனலாம். சில எடுத்துக்காட்டுகள்:

- முதல் உலகப்போர்க் காலத் துப்பாக்கிகள் சிலவற்றின் கைப்பிடி முன்புறத்தில், அது எந்தப் படைப்பிரிவின் எத்தனையாவது ஆயுதம் என்பது பொறிக்கப்பட்டிருக்கும்.
- சிலவற்றில் இரண்டு ஆண்டுகள் இருக்கும். போர்க்காலத்தில் செய்யப்பட்ட துப்பாக்கியின் மீது, போருக்குப் பின் அரசு உடைமை என்பதைக் காட்ட "1920" என்ற எண்ணும் பொறிக்கப்பட்டது.
- வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியின் ஆயுத உற்பத்தியைக் கட்டுப்படுத்தியிருந்ததால், 1934, 1935ஆம் ஆண்டுகளில் மவுசர் நிறுவனம் தயாரித்தவற்றில் நிறுவனப் பெயருக்குப் பதில் "எஸ்/42" என்ற குறியீடும், ஆண்டுக்குப் பதில் முறையே "கே", "ஜி" என்ற எழுத்துகளும் இடப்பட்டன. 1936 முதல் ஆண்டு வெளிப்படையாகவே பொறிக்கப்பட்டது. ஒரு நாடு மறைத்துச் செய்த ஆயுதக் குவிப்பு, ஓர் எழுத்தில் இவ்வாறு பதிவாகியுள்ளது.

வரிசை எண்ணின் முக்கியத்துவம்

லூகரின் பகுதிகள் கையால் பொருத்திச் சரிசெய்யப்பட்டவை. ஒன்றின் பகுதி மற்றொன்றுக்குப் போய்விடாதிருக்க, சட்டகத்திலும் குழலிலும் முழு எண்ணும், சிறு பகுதிகளில் அதன் கடைசி இரண்டு இலக்கங்களும் பொறிக்கப்பட்டன. எல்லா எண்களும் பொருந்தினால், துப்பாக்கி தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருக்கிறது என்று கொள்ளலாம். தோட்டாப் பெட்டியின் எண்ணும் பொருந்துவது அரிது.

எண் மட்டும் தனித்து நின்றால் பயனில்லை. இராணுவத் தயாரிப்பில் ஆண்டுதோறும் எண் மீண்டும் 1இல் தொடங்கும்; 10,000ஐ எட்டியதும் அருகில் ஓர் எழுத்துச் சேர்ந்து மறுபடி தொடங்கும். ஆகவே தயாரிப்பாளர், ஆண்டு, எண், எழுத்து நான்கையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வரிசை எண் எவ்வளவு உறுதியான சான்று என்பதற்கு இந்திய வரலாற்றிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவின் ரோடா நிறுவனத்துக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் வங்காளப் புரட்சியாளர்கள் கவர்ந்து சென்றனர். மவுசர் என்பது லூகரின் காலத்தைச் சேர்ந்த வேறொரு ஜெர்மானிய வகை. அவற்றின் எண்கள் நிறுவனத்தின் பதிவேட்டில் இருந்தன. அதனால் பின்னர் பிடிபட்ட துப்பாக்கிகள் இந்தச் சரக்கைச் சேர்ந்தவையே என்று அடையாளம் காண முடிந்தது. 50இல் 31 மீட்கப்பட்டதாக 1918ஆம் ஆண்டின் ரௌலட் குழு அறிக்கை கூறுகிறது.

மதிப்பும் போலிகளும்

அரிய லூகர்களுக்குப் பெரும் விலை கிடைக்கிறது. 1907இல் அமெரிக்க இராணுவச் சோதனைக்காக .45 அளவில் மிகச் சிலவே செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று 1989இல் 10 லட்சம் டாலருக்கு விற்றது. அதே துப்பாக்கி 2010இல் ஏலத்தில் 4,94,500 டாலருக்கே போனது. சேகரிப்பை உறுதியான முதலீடாகக் கருத முடியாது என்பதை இது காட்டுகிறது.

விலை இருக்கும் இடத்தில் போலியும் வரும். பழைய எண்ணைத் தேய்த்துப் புதிய எண் பொறித்தல், அரிய தயாரிப்பாளரின் முத்திரையை இடுதல், தேய்ந்த பரப்பைப் பளபளப்பாக்கிப் புதிதாக நீலப்பூச்சு ஏற்றுதல் ஆகியவை வழக்கமான மோசடிகள். மெருகேற்றும்போது எழுத்துகளின் கூர்மையான ஓரங்கள் மழுங்கும். இது ஒரு முக்கியத் தடயம். முற்காலத் தயாரிப்பில் விசை போன்ற சில சிறு பகுதிகள் வைக்கோல் நிறத்தில் இருந்தன. அவையும் நீலமாக இருந்தால் ஐயத்துக்கு இடமுண்டு. ஆனால் 1937 அளவில் மவுசர் நிறுவனம் பூச்சு முறையையே மாற்றியதால், ஆண்டைப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது.

எண் பொருந்தாதவை எல்லாம் போலியும் அல்ல. இரண்டாம் உலகப்போரில் சோவியத் படைகள் கைப்பற்றிய லூகர்கள் பிரிக்கப்பட்டு, பகுதிகள் கலந்து, மீண்டும் பூச்சு ஏற்றப்பட்டன. அந்தக் கலப்பே அவற்றின் வரலாறு. எண்களைப் "பொருத்தி" அதைத் திருத்தினால், உண்மையான ஒரு சான்று அழிந்து பொய்யான ஒன்று பிறக்கிறது. எனவே, அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் தேய்மானத்தையும் பழைய கீறலையும் அப்படியே விட்டுவிடுகின்றனர்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

எவ்வளவு பழையதானாலும் துப்பாக்கி ஆயுதமே. லூகரின் மேற்பகுதியைச் சட்டகத்திலிருந்து கழற்றிய பின்னும், குழலில் தோட்டா இருந்தால் அது வெடிக்கக்கூடும். ஆகவே தோட்டாப் பெட்டியை எடுத்துவிட்டு, குழல் காலியாக உள்ளதா என்று கண்ணால் பார்த்த பிறகே வேறெதையும் தொட வேண்டும். தோட்டா உள்ளே இருக்கும்போது மேலெழும் சிறு தகட்டில் ஜெர்மன் மொழியில் "நிரப்பப்பட்டது" என்று பொருள்படும் சொல் பொறிக்கப்பட்டிருக்கும். அதை மட்டும் நம்புவது போதாது.

கைவியர்வை இரும்பைத் துருவாக்கும். தொட்டபின் மெல்லிய எண்ணெய் தடவித் துடைக்க வேண்டும். தோலுறை ஈரத்தை இழுப்பதாலும், தோல் பதனிடும் வேதிப்பொருள்கள் அதில் தங்கியிருப்பதாலும் துப்பாக்கியை உறைக்குள் வைத்திருக்கக் கூடாது.

சட்ட நிலை

அமெரிக்காவில் 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளைச் சேகரிப்போருக்கெனத் தனி உரிமம் உள்ளது. பிரிட்டனில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. வரலாற்று மதிப்புள்ளவற்றுக்குக் கடுமையான நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. வீட்டில் பழைய துப்பாக்கி ஏதேனும் கிடைத்தால் அதைத் தொடாமல் காவல்துறைக்குத் தெரிவிப்பதே முறை.

இந்தியாவில் இருப்போருக்கு இக்கலையைப் பயில ஏற்ற வழி அருங்காட்சியகங்களும் நூல்களுமே. கண்ணாடிப் பெட்டிக்கு முன் நிற்கும்போது யாருடைய துப்பாக்கி என்ற பெயர்ப்பலகையோடு நின்றுவிடாமல், அதன் எண், ஆண்டு, முத்திரை ஆகியவற்றையும் தேடிப் பார்த்தால், அந்தப் பெயர்ப்பலகை சொல்வது சரிதானா என்று சோதிக்கும் பழக்கம் வரும்.