ஊவாவின் காற்றும் அறுகம்பையின் அலையும்

பதுளை, பசறை, ஹாலிஎல தோட்டப் பகுதிகளில் வாழ்வோருக்கு ஜூலை பிறந்ததும் வீசும் காற்று நன்கு பழக்கமானது. மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து நம் பக்கம் இறங்கும் வறண்ட காற்று அது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஏறுவது அந்தக் காற்றினால்தான். அதே காற்று மலையிறங்கி, மொனராகலைச் சமவெளியைக் கடந்து கீழ்க்கரையைச் சேர்கிறது. அங்கே அதைக் கச்சான் என்பார்கள். இங்கே கொழுந்துக்கு மணம் தரும் காற்று, அங்கே கடலலையைச் சீராக்குகிறது. வல்ல நாயன் ஒரே காற்றில் இரு பகுதி மக்களின் ரிஸ்க்கையும் வைத்திருக்கிறான். சுப்ஹானல்லாஹ்!

அந்த அலையைத் தேடி உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வந்திறங்கும் ஊர்தான் பொத்துவிலை அடுத்துள்ள அறுகம்பை.

போகும் வழி

பதுளையிலிருந்து பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவ, லாகுகலை வழியாகப் பொத்துவிலை அடையலாம். நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பயணம். ஷாபிஈ மத்ஹபில் கஸ்ருக்குரிய இரண்டு மர்ஹலா தூரம் ஏறக்குறைய 82 கிலோமீற்றர்தான். ஆகவே முஸாபிருக்குரிய சலுகையைப் பயன்படுத்தி, தொழுகைகளைச் சுருக்கியும் சேர்த்தும் தொழலாம். லாகுகலைக் காட்டில் யானைகள் வீதியைக் கடப்பதுண்டு. குடும்பத்தோடு செல்வோர் மஃரிபுக்கு முன்னரே அந்த இடத்தைக் கடந்துவிடுவது நல்லது.

பொத்துவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். அதற்குச் சற்றுத் தெற்கே, களப்பின் மேலுள்ள பாலத்தைக் கடந்தால் உல்லைக் கிராமம். மீன்பிடித் தோணிகளும் விருந்தினர் விடுதிகளும் அங்கே ஒரே மணலில் அருகருகே நிற்கின்றன.

அலையின் கணக்கு

இந்த அலைகள் நம் கடலில் பிறந்தவையல்ல. பல்லாயிரம் கிலோமீற்றர் தெற்கே, தென்முனைக் கடலின் புயல்கள் எழுப்பிய அலைகள் பல நாட்கள் பயணம் செய்து இங்கு வருகின்றன. சாதாரணக் கடற்கரையில் அலை ஒரே நேரத்தில் விழுந்து உடைந்துவிடும். அறுகம்பையிலோ கரை மூக்குப் போல் கடலுக்குள் நீண்டிருக்கிறது. அதைச் சுற்றி வளையும் அலை, ஒரு முனையில் உடையத் தொடங்கி, சுருள் விரிவது போலக் கரையோரமாக உடைந்துகொண்டே செல்கிறது. பலகையில் ஏறி நிற்பவர் சில நூறு மீற்றர் தூரம் அதிலேயே சறுக்கிச் செல்லலாம்.

அலை வரும் காலத்தில் கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலையின் முகம் கலையாமல் நிமிர்ந்து நிற்கிறது. ஏப்ரல் இறுதியிலிருந்து ஒக்டோபர் வரை இதுதான் பருவம். வாடைக்காற்று தொடங்கினால் கடல் கலங்கிவிடும், விருந்தாளிகளும் போய்விடுவார்கள். மூக்கின் அருகே பாறையும் நீரோட்டமும் உண்டு. பிள்ளைகளை அங்கே இறக்கவே கூடாது. குடாவின் உட்புறத்திலும் பெரியவர்கள் கூடவே நிற்க வேண்டும்.

விருந்தாளியும் வீட்டாரும்

அலை ஆட்களைக் கொண்டுவருகிறது. அவர்களை எப்படி நடத்துவது என்பதுதான் அவ்வூரின் சோதனை. 2024 ஒக்டோபரில், சுற்றுலாத் தலங்களைக் குறிவைத்துத் தாக்குதல் நடக்கலாம் என எச்சரித்து, அறுகம்பைக்குச் செல்ல வேண்டாமென அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டவருக்கு அறிவித்தது. இஸ்ரேலும் தன் மக்களை வெளியேறச் சொன்னது. அமைதியான ஒரு முஸ்லிம் ஊரின் பெயர் ஒரே நாளில் உலகச் செய்தியாயிற்று.

பலஸ்தீனத்தில் நடப்பவை கண்டு நம் நெஞ்சு எரிகிறது. அது ஈமானின் அடையாளம். ஆனால் மார்க்கச் சட்டம் தெளிவானது. நாட்டின் அனுமதியோடு நுழைந்தவர் அமான் பெற்றவர். அவருடைய உயிரும் பொருளும் நம் பொறுப்பிலுள்ள அமானிதம். யாரோ செய்த அநீதிக்காக வழிப்போக்கர் ஒருவரின் மேல் கை வைப்பதை நம் இமாம்கள் அனுமதிக்கவில்லை. நியாயத்தை வாயால் கேட்கலாம், சட்டத்தின் வழியில் போராடலாம். அதற்கு அப்பால் ஓரடியும் இல்லை.

வீட்டாருக்கும் உரிமை உண்டு. பள்ளிவாசல் வீதியில் அரைகுறை ஆடையோடு நடக்க வேண்டாம் என்று பணிவாகச் சொல்லலாம். பணம் வருகிறதென்று ஹராமான வியாபாரத்துக்குக் கடையைத் திறந்து கொடுக்க வேண்டியதில்லை. நேர்மையான விலை, சுத்தமான உணவு, தொலைத்த பொருளைத் தேடிக் கொடுக்கும் கை ஆகியவற்றைப் பார்த்துச் செல்லும் அந்நியர், இஸ்லாத்தைப் பற்றி எந்த நூலிலும் படிக்காததைப் படித்துச் செல்வார்.

கடலின் மறுமுகம்

2004 டிசம்பர் 26 ஆம் திகதி இதே கரையில் வேறோர் அலை ஏறியது. காற்றில் எழும் அலை கடலின் மேற்பரப்பைத்தான் அசைக்கும். சுமாத்ராவுக்கருகே கடலடி நிலம் பிளந்து எழுப்பிய அந்த அலையோ கடலை அடியோடு தள்ளிக்கொண்டு வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மரணித்தனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கடல் வழக்கத்துக்கு மாறாகத் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்காமல் மேட்டுநிலத்துக்கு ஓட வேண்டும் என்பதைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள்.

கடல் காணாமலே வளரும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். விடுமுறையில் ஒரு வாகனம் பிடித்து அவர்களைக் கூட்டிச் செல்லுங்கள். லயத்து வாசலில் அவர்கள் அனுபவித்த காற்று எங்கே போய்ச் சேர்கிறது என்பதை அக்கரையில் நின்று காட்டுங்கள். படைத்தவனின் குத்ரத்தைப் பற்றிய பாடத்தை அவர்கள் அங்கேயே கற்றுக்கொள்வார்கள்.